யார் பெயர் அந்தப் பாண்டியம்மா

14.8.2001, செவ்வாய்

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. ஐந்தரைக்கு வந்து ஆறேகாலுக்குப் போய்விட்டது. அண்டா, ட்ரம், குக்கர், பால் தூக்கு வரைக்கும் பிடித்தாயிற்று. இவர் மினிபஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நாலு குடம் தூக்கி வைத்தார். கண்டக்டர் பையைவிடக் குடம் தூக்கித்தான் தோள் இறங்கிப்போச்சு என்று முனகல் வேறு. நகராட்சிப் பெரிய மனிதர்கள் வீட்டில் மட்டும் எப்படித் தினமும் வாசல் தெளிக்கிறார்கள் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

சாயங்காலம் கேபிள் டிவியில் என் நிகழ்ச்சி நன்றாகப் போனது. மூன்று வருடமாகச் செய்கிற வேலைதான். ஜனங்கள் போன் போட்டுப் பாட்டுக் கேட்பார்கள், நான் அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லி அதை அன்றைய செய்தியோடு முடிச்சுப் போடுவேன். போன வாரம் ஒரு காத்திருக்கும் பாட்டுக்கு ரயில் தாமதத்தை முடிச்சுப் போட்டேன், கடைத்தெருவில் நாலு பேர் நிறுத்திச் சொல்லிச் சிரித்தார்கள்.

இன்றைக்கும் 'பாண்டியம்மா' பாட்டுதான் நாலு பேர் கேட்டார்கள். இரண்டு வருடமாக இந்தக் கேசட் இல்லாத பஸ் இல்லை, கோயில் கொடை இல்லை, கல்யாணம் இல்லை.

பாண்டியம்மா பாண்டியம்மா படியிறங்கி வாடியம்மா
குடம் நெறைஞ்சு போச்சுதடி குலுங்கிக்கிட்டு வாடியம்மா

பூவனலிங்கம் அண்ணாச்சி சொன்ன கதையைத்தான் சொன்னேன். கேபிள் முதலாளி, பாட்டு விஷயத்தில் ஊரில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை. கரிசல் காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்று பெண்கள் கும்மியடித்துப் பாடியதாம். "அந்த முதல் குரலைக் கேளுங்க, பூமியைப் பிளந்து ஊத்து வர்ற மாதிரி என்ன ஒரு எடுப்பு!" என்றேன். பிறகு நம் ஊர்க் குழாயின் பன்னிரண்டு நாளை இழுத்துவிட்டு ஒரு குத்து. காமராஜ் அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் காட்டினார்.

கடைசிப் போன் ஒரு பெண். பூத்திலிருந்து பேசுகிறாள் போல, பின்னால் பஸ் ஹார்ன். "தாயி, நீங்க சொன்ன கதை தப்பு. அது எம் மவ பேரு. யாரு பேருன்னு சொல்லிட்டுப் போடுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன்? "நன்றிம்மா, உங்களுக்கு எந்தப் பாட்டு வேணும்?" என்றேன். லைன் போய்விட்டது.

15.8.2001

கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்தக் குரல் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

17.8.2001, வெள்ளி

அண்ணாச்சியிடம் கேட்டேன். ஃபைலில் இருந்து தலையைத் தூக்காமலே, "பாண்டியம்மாங்கிற பேரு ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும். நூறு பேரு அம்மாவும் போன் போடட்டும். நிகழ்ச்சி பிக்கப் ஆயிருச்சுன்னு அர்த்தம்மா" என்றார். சிரிப்பு வேறு.

நூறு பேருக்கு இருக்கட்டும். கதை தப்பு என்று ஒருத்திதானே சொன்னாள்?

வீட்டில் இவரிடம் சொன்னதும், இடைசெவல் நிறுத்தத்தில் ஏறுகிற ஒரு அம்மா, பஸ்ஸில் அந்தப் பாட்டு போட்டால் டிக்கெட் இருந்தாலும் நடு வழியில் இறங்கிவிடும் என்றார். பெயர் பெருமாயி. ஊர் ஊராகப் போய் ஒப்பாரி பாடுகிறவள். "கேட்டா பதில் சொல்லாதுட்டி, எறங்கி நடந்துரும்" என்றார். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர்! ஒரு நாள் ஏன் என்று விடாமல் கேட்டிருக்கக் கூடாதா?

26.8.2001, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இடைசெவலில் இறங்கிக் காட்டுவழியாக நடந்தேன். எல்லாம் உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடக்கிற நிலம். பெருமாயி அக்கா வீட்டு வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் டிவிக்காரி என்று தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னாள், போனில் கேட்ட அதே குரல். ஒட்டுவதை நிறுத்தவில்லை.

தொண்ணூற்றிரண்டு சித்திரை. ஊர்க்குழாயில் தண்ணீர் இல்லை. தோட்டத்து இறவைக் கிணற்றில் கல்படி இறங்கித்தான் பெண்கள் தண்ணீர் எடுத்தார்களாம். அவள் மகள் பாண்டியம்மாள், பதினாலு வயது, நிறைகுடத்தோடு ஏறும்போது வழுக்கியிருக்கிறது. "ஓடிப்போயி எட்டிப் பாத்தா குடம் மட்டும் மெதக்குது தாயி" என்றாள். அன்றைக்கு மகளைக் கிடத்திவிட்டு அவள் அழுததுதான் அந்தப் பாட்டு.

படியிறங்கிப் போனியே பாண்டியம்மா
குடம் மட்டும் மெதக்குதே பாண்டியம்மா
ஏறி வாடி ஏறி வாடி பாண்டியம்மா

பாடவில்லை. வசனமாகத்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குப் போன சேதியைச் சொல்வதுபோல. 'ஏறி வாடி' என்பதைத்தான் இவர்கள் 'குலுங்கிக்கிட்டு வாடி' என்று ஆக்கியிருக்கிறார்கள்.

"மொதத் தடவ பஸ்ஸுல கேக்கும்போது யாரோ என் வீட்டுக்குள்ள நின்னு கூப்பிடுத மாதிரி இருந்துச்சு. மொதல்ல ஒரு சத்தம் வருதுல்லா, அது என் சத்தம் தாயி. பெறகு வேற பொம்பள பாடுதா. ஆனா மொதச் சத்தம் என்னது. அங்கனதான் பயலுவ விசிலடிக்கானுவ."

என்ன ஒரு எடுப்பு என்று சொன்ன இந்த வாயை என்ன செய்ய?

யார் பதிவு செய்தது என்று கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. சாவு வீட்டுக்கு மைக்செட் யார் கட்டினார்கள் என்று கேட்டேன். அதற்கு முகமே மலர்ந்து சொன்னாள். "நாங்க கூப்பிடவேயில்ல. அவியளா வண்டியோட வந்தாவ. ஊரு ஊரா போயி அடுத்தவன் துட்டிக்கு அழுதவ, அவ வீட்டுச் சாவுத் துட்டிக்கு நான் மைக் குழாய் கட்டாம யாரு கட்டுவான்னு சொன்னாவ. சும்மாவே கட்டிட்டுப் போனாவ. பூவனலிங்கம் அண்ணாச்சி. நல்ல மனுசன். இப்பம் பெரிய ஆளாயிட்டாவளாம்லா?"

காபி கொடுத்தாள், குடித்தேன். ஒன்பது வருடமாக அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

27.8.2001, திங்கள்

மத்தியானம் ஸ்டூடியோவில் நானும் காமராஜ் அண்ணனும் மட்டும். பழைய கேசட் பீரோ எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனார். இரண்டாம் தட்டில் இருந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து, பச்சை மையில்: 'பெருமாயி - துட்டி - 92'.

ஹெட்ஃபோனில் கேட்டேன். முழுதும் கேட்க முடியவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி அறைக்குள் போய்க் கேசட்டை மேசையில் வைத்தேன். கொஞ்சம் கூட அசரவில்லை.

"இப்ப என்னங்கிற?"

"சாவு வீட்டுல திருடியிருக்கீங்க அண்ணாச்சி."

"வார்த்தைய அளந்து பேசும்மா. காத்தோட போக வேண்டிய பாட்டு. நான் பிடிச்சு வச்சேன். ஏழு வருசம் பத்திரமா வச்சிருந்து மதுரைக் கேசட் கம்பெனிக்குக் குடுத்தேன். இன்னைக்குத் தேனி வரைக்கும் கேக்குதாம். நான் இல்லைன்னா அவ வீட்டு முத்தத்தோட முடிஞ்சிருக்கும்."

"கிணறு வெட்டின கதை?"

"ஆமா, நான் சொன்னதுதான். சாவை எடுத்துச் சந்தோஷமா மாத்தியிருக்கேன். அது தப்பா? பிள்ளைக ஆடுது, பாடுது. ஒப்பாரின்னு சொன்னா எவன் வாங்குவான்?"

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நல்லது செய்ததாகவே நம்புகிறார்! கேசட்டை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வேலையை விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசை. எறியவில்லை. ஆறு மணிக்கு முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். எனக்கும் நாலு பேர் கடைத்தெருவில் நிறுத்திப் பேசுவது வேண்டியிருக்கிறது. தூ.

12.9.2001, புதன்

அமெரிக்காவில் அந்தக் கட்டடங்கள் விழுந்ததை ஊரே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நிகழ்ச்சி வேண்டாம் என்றேன். அண்ணாச்சி கேட்கவில்லை. முதல் போனே 'பாண்டியம்மா'. இரண்டாவது போனும். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று சொல்லிவிட்டு அதே பாட்டைப் போட்டேன். மௌனம் முடிந்து முதலில் கேட்டது பெருமாயி அக்காவின் அலறல். அதை நான் ஒருத்திதான் அலறலாகக் கேட்டேன்.

24.9.2001, திங்கள்

நகராட்சித் தேர்தல் கூத்து தொடங்கிவிட்டது. எங்கள் வார்டில் அண்ணாச்சியின் மைத்துனர் தங்கப்பாண்டி கவுன்சிலருக்கு நிற்கிறார். ஆட்டோவில் மைக் குழாய் கட்டித் தெருத்தெருவாக வருகிறது.

தங்கப்பாண்டி வாராரு பாண்டியம்மா
தண்ணி கொண்டு வாராரு பாண்டியம்மா

வாசலில் நின்று கேட்டேன். தண்ணீர் எடுக்கப் போய்ச் செத்த பிள்ளையின் பெயரை வைத்துத் தண்ணீர் தருவதாக ஓட்டுக் கேட்கிறான்! இவனுக்கு நாக்கு கூசாதா? எதிர்வீட்டுக்காரி, "என்ன முத்துச்செல்வி, உன் பாட்டுத்தானே, ஆடு" என்கிறாள். உன் பாட்டாம். நான்தானே டிவியில் உட்கார்ந்து கதை அளந்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி சிறப்பு நிகழ்ச்சியாம். பாட்டின் கதையையும் மைத்துனரின் குடிநீர் வாக்குறுதியையும் நான் முடிச்சுப் போட வேண்டுமாம். "உனக்குத்தாம்மா அந்தக் கலை வரும்" என்றார் அண்ணாச்சி. சரி என்றேன். சரி என்று சொல்லும்போதே முடிவு செய்துவிட்டேன்.

30.9.2001, ஞாயிறு

மறுபடி பெருமாயி அக்கா வீடு. இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணாச்சி, கேசட், பச்சை மை, எல்லாம். "சும்மா கட்டுதேன்னுல்லா சொன்னாவ" என்று ஒரு தரம் சொன்னாள்.

ஒன்பதாம் தேதி நேரலையில் வந்து பாடுங்கள், ஊருக்கே தெரியட்டும் என்றேன். முடியாது என்றுவிட்டாள்.

"துட்டி விழாத எடத்துல அதப் பாடப்படாது தாயி. பாடுன எடத்துல ஒரு சாவு விழும். அங்கனயும் பிள்ளகுட்டிக்காரவதான இருக்காவ?"

எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். "உங்க மக பேரை ஆட்டோவுல கட்டி இழுத்துட்டுத் திரியுதானுவ, நீங்க அவனுக்குச் சாவு விழும்னு சாங்கியம் பாக்குதீங்க!" என்றேன். அவள் செம்பில் தண்ணீர் மொண்டு என் பக்கம் தள்ளினாள். "நீ குடி. நான் வந்து பாட வேண்டாம். நீ வாயால சொல்லு. இது பாண்டியம்மான்னு ஒரு பிள்ள, இந்த ஊரு, பெருமாயி மகன்னு சொல்லு. அது போதும்."

அது எப்படிப் போதும்? திருட்டை யார் சொல்வது?

9.10.2001, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஆறு மணி. பக்கத்து நாற்காலியில் தங்கப்பாண்டி, வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. பாட்டு முடிந்ததும் நான் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "நேயர்களே, நான் இதுவரை சொன்ன கதை பொய். இது கும்மிப் பாட்டு இல்லை, ஒப்பாரி. ஒரு சாவு வீட்டில் மைக்செட் கட்டப் போனவர் யாருக்கும் தெரியாமல் பதிவு செய்து விற்ற பாட்டு. அவர் வேறு யாருமில்லை -"

மானிட்டரில் முருகன் படம் வந்து பக்திப் பாட்டு ஓடியது. வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி போன் போட்டிருக்கிறார், காமராஜ் அண்ணன் சுவிட்சைத் தட்டிவிட்டார். "மூணு பிள்ளைங்கம்மா எனக்கு" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். தங்கப்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போனார்.

இன்னும் அரை நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேன்.

10.10.2001

வேலை போயிற்று. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லக்கூட அண்ணாச்சி வரவில்லை, ஸ்டூடியோக் கதவில் வேறு பூட்டு.

12.10.2001, வெள்ளி

ஆட்டோக்களில் பாட்டு இல்லை! வெறும் பேச்சுத்தான். மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு, "ஏட்டி, டிரைவர் அந்தக் கேசட்டையே தூக்கி எறிஞ்சுட்டான். பஸ்ஸுக்கு ஏதாச்சும் ஆயிரும்ங்கான். ஏறுத பொம்பளைகளும் கேக்குதாவ, எழவுப் பாட்டப் போட்டா வண்டி ஓட்டுதீகன்னு" என்றார்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஒரு ஆள்கூட, யார் வீட்டுச் சாவு அது என்று கேட்கவில்லையாம்.

21.10.2001, ஞாயிறு

தங்கப்பாண்டி தோற்றார். வாக்குறுதியைப் பார்த்துத் தோற்கடித்திருந்தால் மார்தட்டிக்கொள்ளலாம். ஒப்பாரி பாடி ஓட்டுக் கேட்டவன் உருப்படுவானா என்கிறது ஊர். அண்ணாச்சி என்னைத் துரோகி என்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஊரும் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறது. எதிர்வீட்டில் சீமந்தம், என்னைக் கூப்பிடவில்லை. சகுனம் சரியில்லாத பாட்டை இரண்டு வருடம் எல்லார் வீட்டிலும் போட்டவள் நான்தானாம்!

திருடியவன் கேபிள் முதலாளியாகவே இருக்கிறான். பிள்ளை செத்தது யாருக்கும் தெரியாது. தீட்டு மட்டும்தான் எல்லாருக்கும் தெரிகிறது. என்ன ஜனங்கள் இவர்கள்? எதற்கு இவர்களுக்குப் பாட்டு, எதற்குக் கதை?

4.11.2001, ஞாயிறு

இவருடைய சித்தப்பா மகள் கல்யாணம், மண்டபத்தில். முதல் பந்திக்குப் பிறகு பாட்டுப் போடுகிறவர் தெரியாமல் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார். முதல் குரல் வந்ததுதான் தாமதம், மணப்பெண்ணின் அம்மா பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்து, "நிப்பாட்டுவே! நிப்பாட்டு அந்த மூதேவிய!" என்று கத்தினாள்.

மூதேவி என்றாள். பதினாலு வயதுப் பிள்ளையை. நான் எழுந்து, "அது ஒரு பிள்ளை பேருங்க, கிணத்துல விழுந்து செத்துப்போச்சு" என்று ஆரம்பித்தேன். இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

2.12.2001, ஞாயிறு

மழை பெய்து இரண்டு நாள் வெறித்திருந்தது. பெருமாயி அக்கா வீட்டுக்குப் போகும்போது கரிசல் மண் செருப்போடு வந்துவிட்டது, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தேன். ஒரு மாதிரி ஜெயித்துவிட்டு வருகிறவள் போலத்தான் போனேன் என்று இங்கே ஒத்துக்கொள்கிறேன். வேலை போனாலும் பாட்டு நின்றுவிட்டதே.

"இப்ப எங்கயும் போடுததில்லைக்கா. அடியோட நின்னுபோச்சு" என்றேன்.

"ஆமா தாயி. பஸ்ஸுல இப்பம் முழுசா வாரேன். எறங்குத வேல இல்ல." தீப்பெட்டியை ஒட்டி வெயிலில் வரிசையாக வைத்தாள். பிறகு சொன்னாள்: "முன்னால பேராவது கேட்டுச்சு."

நீங்கள்தானே தாங்க முடியாமல் இறங்கி நடந்தீர்கள் என்று கேட்டேன். "அது அவ பேருன்னே தெரியாம கூப்பிட்டானுவ. அதுக்குத்தான் எறங்குனேன். நிப்பாட்டச் சொன்னேனா நான்?" கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "டிவியில ஒன்னயப் பாத்தேன். களவு களவுன்னே சொல்லிக்கிட்டு இருந்த. அதுக்குள்ள அமத்திட்டான். மொதல்ல அவ பேரச் சொல்லியிருக்கலாம்லா தாயி?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. அவள் எனக்குக் கேட்டுக் கொடுத்த வரி. அண்ணாச்சியைச் சந்தி சிரிக்க வைக்கிற அவசரத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அந்த ஆள் பிள்ளையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சாவைத் தூக்கிப் போட்டான். நான் சாவை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரைத் தூக்கிப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "அக்கா, அவ எப்பிடி இருப்பா?" என்று கேட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சாயங்கால பஸ் போகும்வரை சொன்னாள். வந்ததும் எழுதுகிறேன், ஒன்று விடாமல்.

பாண்டியம்மாள். பெருமாயி மகள். இடைசெவலுக்கு மேற்கே இருக்கிற ஊர். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, இங்கிலீஷ் வராது. கறுப்பு, அம்மாவைவிட உயரம். முன்பல் ஒன்று பாதி உடைந்தது, புளியமரத்திலிருந்து விழுந்து. கம்மங்கஞ்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பரோட்டாவுக்கு உயிரை விடுவாள். தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பாதே, படிக்கிறேன் என்று அப்பாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்து ஜெயித்தாள்.

பாட்டு என்றாலே ஆகாது அவளுக்கு. அம்மா ஒப்பாரிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். வீட்டில் வேலை செய்யும்போது அம்மா தன்னையறியாமல் ஏதாவது இழுத்தால், "எம்மா, சும்மா இருக்கமாட்டியா? எவனாச்சும் கேட்டுறப் போறான்" என்று ஓடிவந்து வாயைப் பொத்துவாளாம்.